அக்கா அனுப்பிய பாதாமும் என் கண் பார்வையும்

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் இவளும் நலம். நேற்று மாலையிலிருந்துதான் நலம். அதற்கு முன்னால் இருந்த நிலையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே தாங்களும் அத்தானும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்றும், அத்தானின் முழங்கால் மடக்கினால் மடங்கி, நீட்டினால் நீள்கிறது என்றும் நம்புகிறேன்.

இவன் இவ்வளவு மரியாதையாக ஆரம்பிக்கிறானே, பின்னால் ஏதோ வம்பு இருக்கிறது என்று நீ இந்நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாய். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் ஒரு பேச்சைத் தொடங்கினால் நீதான் முடித்துவைக்கிறாய், அதுவும் நான் நினைக்காத இடத்தில். கடிதத்தில் நீ குறுக்கே பேச வழியில்லை. அதனால் காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல், இவள் நடை முடித்துத் திரும்புவதற்குள் எழுதிவிடலாம் என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. பயப்பட வேண்டிய அளவுக்கு நான் ஒருவனே பயந்து முடித்துவிட்டேன்.

எல்லாம் உன்னால் வந்தது. போன தடவை நீ இங்கே வந்தபோது, கடையில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுகூடப் பாராமல், என் தாடையைப் பிடித்து, கத்தரிக்காயில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி விளக்கு வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினாயே, நினைவிருக்கிறதா? "என்னடா இது, மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி உரியுது?" என்றாய். நாள் முழுக்க ஏசிக் காற்றில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிறவனுக்குத் தன் மூஞ்சியைப் பார்க்க நேரம் ஏது என்றேன். "கண்ணாடி விக்கிறவன் மூஞ்சி பளபளன்னு இருக்க வேணாமா? உன்னப் பாத்தா எவன் உள்ள வருவான்?" என்று நீ கேட்டதும், கண்ணாடி வாங்க வந்திருந்த கணக்கு வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

நீ வீடு போய்ச் சேர்ந்த கையோடு பொட்டலம் வந்தது. தபால்காரர் அதை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "சிமெண்டா சார்?" என்று கேட்டார். உள்ளே பாதாம், அக்ரூட், பிஸ்தா, பூசணி விதை, சூரியகாந்தி விதை, ஆளி விதை, எள், அப்புறம் பாட்டில் பாட்டிலாக எண்ணெய். பின்னாலேயே போனில் உன் சட்டதிட்டம். எந்த விதையில் என்ன சத்து, அது தோலுக்குள் போய் என்ன செய்யும் என்று நீ விளக்கியதெல்லாம் எனக்கு ஒரு காதில் போய் மறுகாதில் வந்துவிட்டது. கடைசியாகச் சொன்னது மட்டும் இவள் மனதில் ஆணி அடித்த மாதிரி பதிந்துவிட்டது. "சாப்பிட்டதும் சோப்புப் போட்டுக் கைய கழுவிடாதீங்க. விரல்ல இருக்கிற எண்ணெய மூஞ்சியிலயே தடவிக்கோங்க. உள்ளயும் போகட்டும், வெளியவும் போகட்டும்." அக்கா, அந்த ஒரு பேச்சுதான் என்னைக் கண் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய் விட்டது.

இவள் நான் சொல்லும் எதையும் கேட்டவள் இல்லை. நீ சொன்னால் வேதவாக்கு. காலையில் ரொட்டியின் மேல் ஆலிவ் எண்ணெயை ஊற்றுவாள். ரொட்டியைத் தட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஊறவைத்த ஆளி விதையை ஒரு டம்ளர் நீட்டுவாள். அது குடிக்கிற சாமானா, போஸ்டர் ஒட்டுகிற சாமானா என்று எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. நான் கடைக்குக் கிளம்பும்போது, நல்லெண்ணெய் விட்டு வறுத்த பாதாமையும் விதைகளையும் நேராக என் சட்டைப் பையில் கொட்டிவிடுவாள். டப்பாவில் போட்டுக் கொடு என்று சொல்லிப் பார்த்தேன். "டப்பாவ நீங்க திறக்க மாட்டீங்க. பையில இருந்தா கை தானா போகும்" என்றாள். போயிற்று. அந்தப் பையில்தான் கண்ணாடி துடைக்கும் என் மஞ்சள் துணியும் குடியிருக்கிறது என்பது உனக்கே தெரியும். இத்தனை வருஷத்தில் இவள் கண்ணாடி உட்பட எந்தக் கண்ணாடியையும் அந்தத் துணியால் ஒரு துடை துடைக்காமல் நான் யார் கையிலும் கொடுத்ததில்லை. அது என் தொழில் தர்மம்.

சில வாரத்தில் அதிசயம் நடந்தது. ஒரு நாள் சவரம் செய்யும்போது முகம் பார்க்கும் கண்ணாடியில் யாரோ ஒரு இளைஞன் நிற்கிறான். நெற்றியில் கோடுகள் இல்லை, கண்ணுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த பைகள் இல்லை, கன்னம் வழவழவென்று இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் இவளும் அப்படியே. கல்யாணப் புகைப்படத்திலிருந்து இறங்கி வந்து குழம்பு கிண்டுகிறவள் மாதிரி அடுப்படியில் நிற்கிறாள். இவளும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னங்க, நீங்க காலேஜ் போற ஆளு மாதிரி ஆயிட்டீங்க" என்றாள். அக்கா, உன்னிடம் மறைப்பானேன், நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியே பல வருஷம் ஆகியிருந்தது. நான் செய்தித்தாளைப் பார்த்துப் பேசுவேன், அவள் பால் பாத்திரத்தைப் பார்த்துப் பதில் சொல்வாள். இப்போது என்னவென்றால், சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்து அக்ரூட் உடைத்து ஒருவருக்கொருவர் ஊட்டாத குறையாகக் கொடுத்துக்கொள்கிறோம். உன்னை வாழ்த்தாத நாள் இல்லை. எண்ணெய் மூக்கில் கண்ணாடி நிற்கவில்லை என்பது மட்டும்தான் ஒரே குறை. அது வழுக்கி இறங்கும், நான் விரலால் ஏற்றுவேன், மறுபடி இறங்கும், மறுபடி ஏற்றுவேன். அழகுக்கு அந்தச் சிரமம்கூடப் படாவிட்டால் எப்படி என்று இருந்துவிட்டேன்.

அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில்தான் கண் மங்கத் தொடங்கியது. முதலில் தெருவிளக்கைச் சுற்றி ஒரு வட்டம் தெரிந்தது. அப்புறம் ஃப்ரேமில் மாட்டுகிற சின்ன திருகாணி, தூக்கத்தில்கூட எடுத்து மாட்டுவேன், அது கைக்கு அகப்படாமல் மேசையில் எங்கோ ஒளிந்துகொண்டது. கண்ணாடியைக் கழற்றி மஞ்சள் துணியால் நன்றாக அழுத்தித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். இன்னும் மோசமாகத் தெரிந்தது. உனக்கு நான் சொல்லவே வேண்டாம். அப்பாவும் இதே வயதில்தான், விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்று சொல்லத் தொடங்கினார். கடைசியில் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் கன்னத்தைத் தடவிப் பார்த்துத்தானே "சின்னவனா?" என்று கேட்டார். நீ அறைக்குள் வந்தால் வளையல் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பார். எனக்கும் அந்த நாள் வந்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டேன். இவளிடம் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. கண்ணை நம்பிப் பிழைக்கிறவன் கண் போகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

கடையிலும் எல்லாம் கோணிக்கொண்டது. கணக்கு வாத்தியார் புதுக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு போன வேகத்தில் திரும்பி வந்தார். "தம்பி, இத மாட்டினா வீடு பூரா பனி கொட்டுது. கழட்டினா வெயிலடிக்குது" என்றார். என் கண் மங்கியதால்தான் பவரைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து, பவரைக் கூட்டி, வேறு லென்ஸ் போட்டு, மஞ்சள் துணியால் பக்தியோடு துடைத்துக் கொடுத்தேன். மறுபடியும் வந்தார். குறைத்துக் கொடுத்தேன். மறுபடியும் வந்தார். பின்னாலேயே பக்கத்துத் தெருத் தையற்கார அம்மா ஒரு சட்டையோடு வந்து நின்றார். சட்டைக்குக் கை இருக்க வேண்டிய இடத்தில் காலர் இருந்தது. "உங்க கண்ணாடி போட்டுத்தான் தச்சேன்" என்று அதைக் கல்லாவின் மேல் விரித்து வைத்தார். அவர் கண்ணாடியையும் துடைத்துக் கொடுத்தேன். வாசற்படி இறங்கும்போது கதவில் முட்டிக்கொண்டார். ஊரே குருடாகிறதா, நான் குருடாக்குகிறேனா என்று எனக்குப் பிடிபடவில்லை.

என் கண்ணை நானே சோதித்துப் பார்க்கலாமே என்று நீ கேட்பாய். பார்த்தேனே! கடையை மூடிவிட்டு, எழுத்துப் பலகைக்கு எதிரே போய் நின்று, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தேன். மேல் வரியிலிருந்து கடைசிப் பொடி எழுத்துவரை தட்டுத் தடங்கல் இல்லாமல் சொன்னேன். மற்றக் கண்ணைப் பொத்தினேன், அதையும் சொன்னேன். ஆஹா, உயிர் வந்தது என்று கையை இறக்கினால், விளக்கையே போடவில்லை. அந்தப் பலகை எனக்கு உன் பிள்ளைகளின் பிறந்தநாளைவிட நன்றாக மனப்பாடம், அக்கா. இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டாலும் கடைசி வரிவரை சொல்வேன். ஊருக்கெல்லாம் கண் சோதிக்கிறவனுக்குத் தன் கடையில் தன் கண்ணைச் சோதிக்க வழியில்லை. அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போது எதிரே வந்த முகங்களையெல்லாம், இதெல்லாம் இன்னும் எத்தனை நாளோ என்று பார்த்துக்கொண்டே போனேன். இவள் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன். "என்னங்க, புதுசா பாக்கிற மாதிரி பாக்கிறீங்க?" என்று இவள் வெட்கப்பட்டாள். நான் இருமுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாதாம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நேற்று முற்பகல் மானம் கப்பலேறியது. கடையில் குளிர்கண்ணாடி மாட்டிவைக்கிற பொம்மைத் தலை ஒன்று உண்டே, அதை யாரோ நாற்காலிப் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறார்கள். நான் ஒரு வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து, "வாங்க சார், ரொம்ப நேரமாச்சா? தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். பதில் இல்லை. கோபக்காரர் போலிருக்கிறது என்று டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்து, "உங்க முகத்துக்குச் சின்ன ஃப்ரேம்தான் எடுப்பா இருக்கும்" என்றும் சொல்லிவிட்டேன். பின்னால் ஒரு கனைப்பு. கணக்கு வாத்தியார், கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. என் தோளைத் தொட்டு, "தம்பி, நீங்க ஒரு நல்ல கண் டாக்டரப் பாருங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கடையைப் பூட்டிக்கொண்டு போனேன். நம் வீதிக் கோடியில் இருக்கிற கண் டாக்டரம்மாதான். சீட்டு எழுதி ஆட்களை என் கடைக்கு அனுப்புகிறவர். காத்திருக்கும் அறையில் பாதிப் பேர் என் வாடிக்கையாளர்கள். "என்ன சார், நீங்க இங்க?" என்று கேட்டவர்களிடமெல்லாம், டாக்டருக்குப் புது ஃப்ரேம் காட்ட வந்தேன் என்று சொன்னேன். உள்ளே போனதும் டாக்டரம்மா என் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "தாடைய இதுல வைங்க" என்றார். வைத்தேன், வழுக்கியது. "நெத்திய ஒட்டுங்க" என்றார். அதுவும் வழுக்கியது. நர்ஸ் வந்து பஞ்சால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, அந்தப் பஞ்சை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கண்ணில் மருந்து விட்டார்கள், வெளிச்சம் அடித்தார்கள், மேலே பார் கீழே பார் என்றார்கள். நான் மனதுக்குள் கடையை யாரிடம் ஒப்படைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டு, "புரை இல்ல. பிரஷர் சரியா இருக்கு. நரம்பு அருமையா இருக்கு" என்றார். "எங்கப்பாவுக்கு வந்தது?" என்றேன். "உங்களுக்கு வரல" என்றார்.

அக்கா, அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் குழந்தை மாதிரி அழுதேன். டாக்டரம்மா பதறி, "மருந்து எரியுதா?" என்றார். "இல்லம்மா, நிம்மதியா இருக்கு" என்றேன். அழுது முடித்த பிறகுதான் சந்தேகம் வந்தது. அப்படியானால் எனக்கு ஏன் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது? டாக்டரம்மா மேசையிலிருந்த என் கண்ணாடியை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அப்புறம் அதை மூக்கருகே கொண்டுபோய், "இது என்ன வாசனை?" என்றார். "பாதாம்" என்றேன். கேட்டதற்கு முழுப் பதில் சொல்ல வேண்டுமே என்று, "கொஞ்சம் எள்ளும் இருக்கும்" என்றேன். அவர் எழுந்துபோய்க் குழாயடியில் அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துக் கொண்டுவந்து என் மூக்கில் மாட்டி, சுவரில் இருந்த அவருடைய பலகையைக் காட்டினார். எனக்கு மனப்பாடம் இல்லாத பலகை. கடைசி வரிவரை படித்தேன் அக்கா! பலகைக்குக் கீழே ஓர் எறும்பு போனது, அதையும் சொன்னேன். சந்தோஷத்தில் கண்ணைத் துடைக்க மஞ்சள் துணியை எடுத்தேன். "அத இப்படிக் குடுங்க" என்று டாக்டரம்மா இரண்டு விரலால் வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார். "ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுறீங்க, இதக் கழுவத் தோணலையா? சரி, நான் வெளிய சொல்ல மாட்டேன்" என்றார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று சொல்வார்கள். நான் கண்ணாடியில் பாதாம் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறேன், ஊருக்கும் ஊற்றியிருக்கிறேன்.

கண்ணில் விட்ட மருந்து இறங்கும்வரை கிட்டத்தில் எதுவும் தெரியாது என்று கறுப்புக் கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். அதோடு வீட்டுக்குள் நுழைந்ததும் இவள் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் கோபம். "இத்தன நாளா தனியாவா பயந்துக்கிட்டு இருந்தீங்க? நான் என்ன வேத்தாளா?" என்று சத்தம் போட்டாள். அப்புறம் சத்தம் நின்றது. எனக்கு அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. "எனக்குந்தாங்க" என்றாள். என்ன உனக்கும் என்றேன். "எனக்கும் மங்கலாத்தான் தெரிஞ்சுது. கண்ணாடிக்காரர் பொண்டாட்டிக்கே கண்ணு போச்சுன்னா உங்க மானம் என்ன ஆகும்னு சொல்லல." ஒரே வீட்டில், ஒரே மேசையில், எதிரெதிரே அக்ரூட் உடைத்துக்கொண்டு, இரண்டு பேரும் குருடாகப் போகிறோம் என்று ஒருவருக்கொருவர் தெரியாமல் பயந்துகொண்டிருந்திருக்கிறோம். சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. அவள் கண்ணாடியைக் காலை நடை முடிந்து வந்ததும் நானே கழுவித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நேற்று நான் தூங்கிய தூக்கம், பள்ளிக்கூடம் லீவு விட்ட நாளில்கூடத் தூங்கியதில்லை.

இன்று கடை திறந்ததும் வாத்தியாருக்கும் தையற்கார அம்மாவுக்கும் சொல்லியனுப்பி, கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கொடுத்து, வாத்தியாரின் பழைய பவரையும் திருப்பிப் போடப் போகிறேன். காரணம் கேட்டால் தூசி என்று சொல்வதாக இருக்கிறேன்.

இவ்வளவு சொன்னேனே தவிர, நடுநிலைமையோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கண் விஷயத்தில் நீ என்னைப் படாத பாடு படுத்தினாலும், தோல் விஷயத்தில் உன் வாக்கு பலித்துவிட்டது. கோடு போச்சு, பை போச்சு, கன்னம் பளிங்கு மாதிரி ஆயிற்று. நோக்கம் நிறைவேறிவிட்டபடியால் இனிமேல் பாதாமோ விதையோ எண்ணெயோ ஒரு சொட்டுக்கூட அனுப்ப வேண்டாம் என்று இதன்மூலம் கேட்டுக்கொள்கிறேன். மீதி இருப்பதை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிடுகிறேன், அணில்கள் அழகாகட்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. நீ எப்போதும்போல் எல்லார் வீட்டுக் காரியத்திலும் புகுந்து அதிகாரம் செய்துகொண்டு நூறு வயது இருக்க வேண்டும். அதையெல்லாம் நான் தெளிவாகப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
கண் தெரிகிற உன் தம்பி

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுவிட்டுச் சவரம் செய்யப் போனேன். கழுவின கண்ணாடியோடு முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்றேன். அக்கா, எல்லாம் அங்கேயே இருக்கிறது. நெற்றிக் கோடு ஒன்றுகூடக் குறையவில்லை. கண்ணுக்குக் கீழே இருந்த பைகள் இன்னும் கொஞ்சம் சாமான் ஏற்றிக்கொண்டு வந்திருக்கின்றன. தோல் உரிவது நின்றிருக்கிறது, அதற்கு மேல் நீ ஒன்றும் சொந்தம் கொண்டாட முடியாது. அதற்குள் இவள் நடை முடிந்து வந்து, "கண்ணாடியக் கழுவித் தரேன்னீங்களே" என்று நீட்டினாள். சொன்ன சொல் தவறக் கூடாதே என்று மனசில்லாமல் கழுவிக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். அவள் தலையில் நரை இவ்வளவு ஏறியிருப்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அப்புறம் அவள் தட்டிலிருந்து ஒரு பாதாமை எடுத்துக் கடித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். அந்த விரலாலேயே இரண்டு பக்கமும் நிதானமாக ஒரு தடவு தடவி, மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இப்ப சரியா இருக்கு" என்றாள். நான் என் கண்ணாடியையும் கழற்றி அவளிடம் கொடுத்தேன். அடுத்த பொட்டலத்தை இந்த வாரமே அனுப்பிவிடு. பாதாம் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்.